பதினைந்து பென்ஸ்

"மனுசன் வருத்தமாய் இருக்கேக்கை மனுசி வேலைக்குப் போகலாமோ?" என்று கேட்பவர்களில் இரண்டு வகை உண்டு. சனம் என்ன சொல்லும் என்று பயப்படுகிறவர்கள் ஒரு வகை. அரசாங்கம் காசை வெட்டிப்போடும் என்று பயப்படுகிறவர்கள் மற்ற வகை. முதல் பயத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. இரண்டாவதைப் பற்றிக் கதைக்க எனக்கு ஓரளவு உரிமை உண்டு. என் கணவருக்கு 2014இல் பாரிசவாதம் வந்தது. அடுத்த வருடம் முதல் நான் பென்சன் எடுக்கும் வரைக்கும், லண்டனில் ஒரு பார்மசியில் பகுதிநேரமாக நின்றேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகத்தான் வேண்டும். கையில் காசு வாங்கி ஒளித்து அல்ல, சம்பளத் துண்டோடு போகவேண்டும். அப்படிப் போகிறவரை இந்த நாட்டின் சட்டம் நடத்தும் விதம் சரியில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எங்கள் ஆட்கள் எல்லாவற்றையும் "பெனிபிற்" என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுவார்கள். பயத்தில் பாதி அங்கேதான் பிறக்கிறது. வருத்தக்காரருக்குக் கிடைக்கும் பிப், பென்சன் வயதுக்குப் பிறகு விண்ணப்பித்தால் கிடைக்கும் அற்றென்டன்ஸ் அலவன்ஸ் இரண்டும் வருமானம் பார்த்துக் கொடுப்பவை அல்ல. மனைவி வேலைக்குப் போனாலும் அதில் ஒரு பென்ஸ் குறையாது. யுனிவர்சல் கிரெடிற் வேறு. அது இருவர் வருமானத்தையும் ஒன்றாகப் பார்க்கும். ஒருவரால் வேலை செய்ய இயலாது என்று ஏற்றுக்கொண்டிருந்தால் சம்பளத்தில் ஒரு தொகையைத் தொடமாட்டார்கள். அதற்கு மேலே உழைக்கும் ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் குறைப்பார்கள். குறைந்தாலும் கையில் ஏதோ மிஞ்சும்.

வில்லங்கம் பிடித்தது மூன்றாவதுதான்: கெயரர்ஸ் அலவன்ஸ். பராமரிப்பவரின் பெயரில் வருவது. கிழமைக்கு 35 மணித்தியாலமாவது பார்க்கவேண்டும். 2025 ஏப்ரலில் அது கிழமைக்கு 83 பவுண்ஸ் 30 பென்ஸ். 35ஆல் பிரித்துப் பாருங்கள், மணித்தியாலத்துக்கு 2 பவுண்ஸ் 38 பென்ஸ். அந்த நேரத்தில் கடையில் நிற்பவருக்குச் சட்டப்படி கொடுக்கவேண்டிய ஆகக்குறைந்த சம்பளம் 12 பவுண்ஸ் 21 பென்ஸ். இரவில் இரண்டு தரம் எழும்பி ஆளைத் திருப்பிப் படுக்கவைப்பது எந்தக் கணக்கில் வருகிறது என்று நான் கேட்கவில்லை.

இதற்கு ஒரு சம்பள எல்லை இருக்கிறது. எல்லைக்கு ஒரு பவுண் மேலே போனால் ஒரு பவுண் குறைப்பார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இல்லை. அந்தக் கிழமைப் பணம் முழுவதும் போய்விடும்.

நான் தொடங்கிய 2015 ஒக்ரோபரில் எல்லை 110 பவுண்ஸ். மணித்தியாலம் 6.70 படி 16 மணித்தியாலம் நின்றேன், 107.20 வந்தது. சரியாக இருந்தது. 2016 ஏப்ரலில் அரசாங்கம் ஆகக்குறைந்த சம்பளத்தை 7.20 ஆக்கியது. நல்ல விசயம். ஆனால் எல்லையை 110இலேயே விட்டுவிட்டது. அதே 16 மணித்தியாலம் இப்போது 115.20. ஒரு கை சம்பளத்தைக் கூட்ட, மறு கை எல்லையைப் பிடித்துக்கொண்டு நின்றது. நான் 15 மணித்தியாலமாகக் குறைத்தேன். சம்பள உயர்வு வந்த மாதத்தில் வேலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்ட ஆளைப் பார்த்து முதலாளி சிரித்தார்.

2019இல் இன்னும் அழகு. சம்பளம் 8.21, எல்லை 123. பதினைந்தால் பெருக்கினால் 123.15. பதினைந்து பென்சுக்காக 66 பவுண்ஸ் 15 பென்ஸ் அலவன்ஸ் போகும்! நல்லகாலம், ஆலோசனை நிலையத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை வழி சொன்னாள். வேலையிடத்துப் பென்சனில் சேர்ந்தால், நான் கட்டும் தொகையில் பாதியைக் கழித்துத்தான் சம்பளத்தைக் கணக்கிடுவார்களாம். கிழமைக்கு 5 பவுண்ஸ் கட்டினேன், 2.50 கழிந்தது, எல்லைக்குள் வந்துவிட்டேன். இதை எத்தனை பேர் அறிவார்கள்? வருமான வரி, நஷனல் இன்சூரன்ஸ் இரண்டையும் கழித்த பிறகுதான் எல்லையைப் பார்க்கவேண்டும் என்பதுகூடப் பலருக்குத் தெரியாது.

இந்த உதவிப்பணத்தின் பழைய கதையும் சொல்லத்தான் வேண்டும். 1976இல் வேறொரு பெயரில் தொடங்கியபோது கலியாணம் கட்டிய பெண்களுக்கு இது இல்லை. அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்ற நினைப்பு. ஜாக்குலின் டிரேக் என்ற பெண் தன் தாயைப் பார்க்க வேலையை விட்டவர். அவருடைய வழக்கில் 1986இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகே மனைவிமாருக்கும் கிடைத்தது. யாழ்ப்பாணத்துக் கிழவிமார் மட்டும்தான் "பெண்சாதி பார்க்காமல் வேறை ஆர் பார்க்கிறது" என்று சொல்லுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். வெஸ்ற்மின்ஸ்ரரிலும் அதே கதைதான் போயிருக்கிறது.

இத்தனை சிக்கலுக்குப் பயந்துதான் எங்கள் ஆட்கள் கைக்காசு வேலைக்குப் போகிறார்கள். அவர்களின் நேர்மையைக் குறைசொல்ல நான் வரவில்லை. நட்டத்தைத்தான் சொல்கிறேன். கைக்காசில் லீவுச் சம்பளம் இல்லை, கடை பூட்டினால் கேட்க நாதி இல்லை. பிடிபட்டால் பழைய அலவன்ஸ் முழுவதையும் திருப்பிக் கட்டவேண்டும். பதிந்து வேலைசெய்தவர்களே அகப்பட்டார்கள். 2024இல் பத்திரிகைகள் எழுதிய கணக்கு இது: கிழமைக்கு ஒரு பவுண் கூட உழைத்தவர், ஒரு வருடம் கழித்து 4,258 பவுண்ஸ் 80 பென்ஸ் திருப்பிக் கொடுக்கவேண்டும். சம்பள விபரம் வரிக் கந்தோரிலிருந்து இவர்களுக்குக் கணினியில் வந்துகொண்டுதான் இருந்தது. உடனே ஒரு கடிதம் போட்டிருந்தால் கடன் 80 பவுண்சோடு நின்றிருக்கும்.

அந்தச் சத்தத்துக்குப் பிறகு 2025 ஏப்ரலில் எல்லையை 151இலிருந்து 196 ஆக்கினார்கள். கிட்டத்தட்ட 16 மணித்தியாலச் சம்பளம். நன்றி சொல்லுவோம். ஆனால் பள்ளத்தின் விளிம்பைத்தான் தள்ளி வைத்திருக்கிறார்கள், பள்ளம் அப்படியே கிடக்கிறது. யுனிவர்சல் கிரெடிற்றில் படிப்படியாகக் குறைக்கத் தெரிந்தவர்களுக்கு இதில் ஏன் முடியாது?

காசுக்காக மட்டும் நான் போகவில்லை. பார்மசியில் என்னை ஒரு ஆளாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வீட்டில் அந்த வருடம் நான் மருந்துப் பெட்டியும் சக்கர நாற்காலியும்தான். இவர் முதல் கிழமை முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார். பிறகு, பக்கத்து வீட்டு அண்ணை வந்து இருக்கும் நேரத்தில் இடக்கையால் தேத்தண்ணி போடப் பழகினார். நான் முழுநேரமும் நின்றிருந்தால் போட விட்டிருக்கமாட்டேன். சீனி அள்ளிக் கொட்டுவார், அது வேறு கதை.

என் வயதுக்காரருக்கு ஒரு வார்த்தை. அரச பென்சன் கெயரர்ஸ் அலவன்சைவிடக் கூடவென்றால் இரண்டும் சேர்த்துத் தரமாட்டார்கள். அதனால் விண்ணப்பிக்காமல் விடாதீர்கள். காசு வராவிட்டாலும் உரிமை இருக்கிறது என்று ஒரு கடிதம் வரும். அதைக் காட்டினால் பென்சன் கிரெடிற்றில் பராமரிப்பவருக்கான மேலதிகத் தொகையைச் சேர்ப்பார்கள். இன்னும் பென்சன் வயது வராத தங்கச்சிமாருக்கு, அலவன்ஸ் கிடைக்கும் ஒவ்வொரு கிழமையும் நஷனல் இன்சூரன்ஸ் வரவிலும் பதியப்படும். முழுப் பென்சனுக்கு இப்போது 35 வருடம் வேண்டும். உங்கள் பதிவில் எத்தனை வருடம் இருக்கிறது என்று இந்தக் கிழமையே பிள்ளைகளைக் கொண்டு இன்ரநெற்றில் பார்ப்பியுங்கோ.