சட்டை போடச் சொல்லித்தர ஒரு படிப்பா?

என் நாத்தனார் மகள் ப்ளஸ் டூவில் உயிரியல் எடுத்து நல்ல மார்க் வாங்கியவள். ஆக்குபேஷனல் தெரபி படிக்க ஆசைப்படுகிறாள். உறவுக்காரர்களோ, "சட்டை போடவும் சாப்பிடவும் சொல்லித்தர நாலு வருஷத்துக்கு மேலே படிப்பா? ஆயா வேலைக்கா இவ்வளவு செலவு?" என்று அவள் மனசைக் கலைக்கிறார்கள். ஆயா வேலை ஒன்றும் மட்டமில்லை. ஆனால், இது அந்த வேலையே இல்லை.

என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. மருந்து மாத்திரை, உடற்பயிற்சி எல்லாம் ஒரு பக்கம். இந்தப் படிப்பு படித்த பெண் ஒருத்தி வீட்டுக்கே வந்து, "ரவிக்கை போடும்போது முடியாத கையை முதல்ல நுழைங்கம்மா, கழற்றும்போது நல்ல கையை முதல்ல எடுங்க" என்று பழக்கினாள். ஸ்பூன் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொடுத்தாள். சில மாதங்களில் அத்தை தானே சாப்பிட்டார். ஊட்டிவிட வாய் திறந்து காத்திருந்தவருக்கு அது எவ்வளவு பெரிய கௌரவம் தெரியுமா?

பார்க்கச் சுலபமாகத் தெரிகிற இந்த யோசனைகளுக்குப் பின்னால் எலும்பு, தசை, நரம்பு, மூளை, மனநோய் என்று ஏகப்பட்ட பாடம் இருக்கிறது. ஒருவரால் பொத்தான் போட முடியவில்லை என்றால் விரலில் பலம் இல்லையா, தொடு உணர்ச்சி இல்லையா, அடுத்து என்ன செய்வது என்பதே பிடிபடவில்லையா என்று கண்டுபிடிக்க வேண்டும். சூடான தண்ணீரில் இளகும் பிளாஸ்டிக் தகட்டை நோயாளியின் கைக்குத் தகுந்தபடி வளைத்து ஸ்பிளின்ட் செய்ய வேண்டும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடும் பழகத் தெரிய வேண்டும். இந்தத் துறையின் உலகக் கூட்டமைப்பு, மாணவர்களுக்குக் குறைந்தது 1,000 மணி நேரம் நேரடிப் பயிற்சி வேண்டும் என்கிறது.

புதுசாக முளைத்த படிப்பும் இல்லை. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் 1950-லேயே இதற்குப் பள்ளி தொடங்கியவர் கமலா நிம்ப்கர் என்ற பெண்மணி. நம் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி.யிலும், முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனத்திலும் சொல்லித் தருகிறார்கள். 2021-ல் வந்த மத்தியச் சட்டத்திலும் இந்தத் தொழில் இடம்பெற்றிருக்கிறது.

பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி, "இது ஒரு படிப்பா?" என்பதல்ல. கல்லூரிக்கு முறையான அங்கீகாரம் இருக்கிறதா, பயிற்சிக்கு மருத்துவமனை உண்டா, படித்து முடித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று நேரில் போய் விசாரியுங்கள். பெண்ணிடமும் கேளுங்கள்: ஒரே வேலையை நூறு தடவை சலிக்காமல் சொல்லித்தரப் பொறுமை இருக்கிறதா?

"இருக்கிறது" என்று அவள் சொன்னால், தயவுசெய்து குறுக்கே நிற்காதீர்கள். அடுத்தவர் கையை எதிர்பார்த்துக் கிடப்பவரைத் தன் கையால் ஒரு வாய் சாப்பிட வைப்பது சின்ன வேலையா? நீங்களே சொல்லுங்கள் தோழிகளே!

— ஒரு வாசகி, குடியாத்தம்.