எழுத்து மாறினால் எதை இழக்கிறோம்? துருக்கிய நாடுகளும் நம் அரபுத்தமிழும்

2024 செப்டம்பரில் அஜர்பைஜான் தலைநகர் பாகூவில் கூடிய துருக்கிய நாடுகளின் அறிஞர் குழு, தங்கள் மொழிகளுக்குப் பொதுவாக 34 எழுத்துகள் கொண்ட லத்தீன் நெடுங்கணக்கு ஒன்றை ஏற்றுக்கொண்டது. 'நாம் ஒரே இனம்' என்று காட்டும் முயற்சி இது. ஆனால் இதே மக்களை எழுத்து மாற்றங்கள் எப்படி அலைக்கழித்தன என்பதையும் நாம் அறிய வேண்டும்.

துருக்கியில் 1928 நவம்பரில் சட்டம் வந்தது. சில மாதங்களிலேயே அச்சிலிருந்து அரபு எழுத்து மறைந்தது. முஸ்தபா கமால் 1927-இல் நிகழ்த்திய நீண்ட உரைகூட முதலில் அரபு எழுத்தில்தான் அச்சானது. பின்னாளில் எழுத்தறிவு பெருகியது உண்மை. ஆனால் பாட்டனார் எழுதி வைத்ததைப் பேரனால் வாசிக்க முடியவில்லை.

அஜர்பைஜானின் நிலை இன்னும் மோசம். அரபு எழுத்து லத்தீனாகி, 1939-இல் ரஷ்ய எழுத்தாகி, 1991-இல் மீண்டும் லத்தீனானது. உஸ்பெகிஸ்தான் 1993-இல் லத்தீனுக்கு மாறச் சட்டம் இயற்றியும், அங்கே இரண்டு எழுத்துகளும் புழங்குகின்றன. ஆட்சி மாறும்போதெல்லாம் எழுத்தும் மாறியது.

இது நமக்கு அந்நியக் கதை அல்ல. தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ், நம் முன்னோரின் அன்றாட எழுத்தாக இருந்தது. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளியிட்டுப் புது எழுத்துகளை உருவாக்கினார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) மார்க்கச் சட்டங்களை அதில்தான் எழுதினார். வீட்டுப் பெண்கள் மார்க்கம் கற்றதும் இந்தக் கிதாபுகளில்தான்.

எந்தச் சட்டமும் அதைத் தடை செய்யவில்லை. பள்ளிக்கூடம், அச்சகம், அரசு வேலை எல்லாம் தமிழ் எழுத்தில் அமைந்ததால் அது மெல்ல ஒதுங்கியது. இதனால் நம் அடையாளம் அழிந்துவிடவில்லை. சீறாப்புராணம் தந்த உமறுப் புலவரின் சமுதாயத்துக்குத் தமிழ் எழுத்தும் சொந்தமே. இழந்தது அந்தக் கிதாபுகளை வாசிக்கும் திறனைத்தான்.

இதற்கு வழி உண்டா? படவேடு போன்ற ஜவ்வாது மலை அடிவார ஊர்களில் இருப்போர் செங்கம் பக்கம் போனால், பல்லவர் கால நடுகற்களைக் காணலாம். மொழி தமிழ், எழுத்து வட்டெழுத்து. இன்று படித்தவருக்கும் அது புரியாது. ஆனால் தொல்லியல் துறையினர் அவற்றை வாசித்து, 1970-களில் இன்றைய எழுத்தில் நூலாகத் தந்தார்கள்.

கல்லுக்குச் செய்ததை நாம் கிதாபுக்குச் செய்யலாம். கல் ஆயிரம் ஆண்டு காத்திருந்தது. காகிதம் காத்திருக்காது, வாசிக்கத் தெரிந்த பெரியவர்களும் குறைந்து வருகிறார்கள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கிதாபு இருந்தால் படம் எடுத்து வையுங்கள். பெரியம்மாவோ ஆலிமோ வாசிக்க, பிள்ளைகள் தமிழில் எழுதிக்கொள்ளட்டும். மத்ரஸாக்கள் வாரம் ஒரு வகுப்பு ஒதுக்கினால், குர்ஆன் ஓதத் தெரிந்த பிள்ளைக்குப் புதிதாகக் கற்க வேண்டியவை சில எழுத்துகளே.