புல் முளைத்த நிலமெல்லாம் தரிசா?

பசுவந்தனை என்ற ஊர்ப் பெயரிலேயே பசு இருக்கிறது. அந்தப் பசு எங்கே மேயும் என்று கேட்டால், கரிசல் காட்டுச் சம்சாரிகள் ஊரையடுத்த மேய்ச்சல் புறம்போக்கைக் காட்டுவார்கள். தலைமுறை தலைமுறையாக ஏர் படாத இடம். கொழுக்கட்டைப் புல்லும் அருகும் அங்கே வேரோடிக் கிடக்கும். சாலையில் போகிற வெளியூர்க்காரரின் கண்ணுக்கோ அது வெறும் தரிசு. தரிசு என்ற சொல் காதில் விழுந்ததும், 'உழுது போட்டால் என்ன?' என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது.

மாணவ நண்பர்களே, இந்த எண்ணத்தில்தான் எனக்குத் தகராறு. முன்பு வெள்ளாமை நடந்து, பிறகு கைவிடப்பட்டுச் சீமைக் கருவேலம் மண்டிய நிலமும் தரிசு என்றே அழைக்கப்படுகிறது. என்றுமே உழப்படாத புல்வெளியும் தரிசு என்றே அழைக்கப்படுகிறது. முதல் வகையைத் திருத்திப் பயிரிடுவது நல்ல காரியம். இரண்டாவதை உடைப்பது வேறு விஷயம்.

புல்லின் வேர்கள் ஆண்டுதோறும் ஒரு பகுதி மடிந்து, மண்ணுக்குள்ளேயே மட்காகின்றன. அந்த மட்கு மண் துகள்களைப் பசைபோல ஒட்டி உருண்டைகளாக வைத்திருக்கிறது. உழுதவுடன் காற்று உள்ளே புகுகிறது. நுண்ணுயிர்கள் மட்கைத் தின்னத் தொடங்குகின்றன. அதிலுள்ள கரி, கரியமில வாயுவாகப் பறந்துவிடுகிறது. நைட்ரஜன் பயிருக்குக் கிடைக்கிறது. ஆகவே புதிதாக உடைத்த நிலத்தில் முதல் சில வெள்ளாமைகள் அமோகமாக இருக்கும். 'பார், சும்மா கிடந்த நிலம் எப்படி விளைகிறது!' என்று ஊரே வியக்கும். விளைவது இத்தனை காலம் சேர்த்து வைத்த முதல். வட்டி என்று நினைத்து அதைச் செலவழித்துவிடுகிறோம்.

இதைப் பேரளவில் செய்து பார்த்தவர்கள் உண்டு. சோவியத் ஒன்றியம் 1954இல் கஜகஸ்தானிலும் மேற்கு சைபீரியாவிலும் கன்னி நிலங்களை உடைக்கத் தொடங்கியது. 1960க்குள் 4 கோடி ஹெக்டேருக்கு மேல் உழப்பட்டது. 1956இல் கோதுமை கொட்டியது. பிறகு புல்லின் பிடிப்பை இழந்த மண் காற்றில் பறந்தது. 1963ஆம் ஆண்டு வறட்சியில் விளைச்சல் சரிந்து, அந்நாடு வெளிநாட்டுத் தானியம் வாங்க வேண்டியதாயிற்று. நம் கரிசல் காற்றைவிட மழைக்கே அதிகம் அஞ்ச வேண்டியது. நனைந்து உப்பிய கரிசல் தண்ணீரை மெதுவாகத்தான் உள்ளே விடும். மேலே புல் இல்லாவிட்டால் ஐப்பசி மழை மண்ணைக் கரைத்துக் கண்மாயில் கொண்டு சேர்க்கும்.

'ஒரு குறுக்கம் நிலம் கிடைத்தால் போதும் என்றிருப்பவனிடம் இதையெல்லாம் சொல்லலாமா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் புல்வெளி ஊருக்கு ஒன்றும் தரவில்லை என்பது தவறு. அங்கே மேய்ந்த ஆடுகளைத்தான் கோடையில் புஞ்சையில் கிடை போடுகிறார்கள். பகலில் தின்ற புல் இரவில் புழுக்கையாகவும் சிறுநீராகவும் பருத்திக்கும் உளுந்துக்கும் உரமாகிறது. உழாத நிலம் உழுத நிலத்துக்குச் சத்து அனுப்புகிறது! மேய்ச்சலை உடைத்தால் கிடையும் போகும், அந்த எருவும் போகும்.

சரி, உடைத்தே தீர வேண்டிய இடம் என்றால்? அவசரம் கூடாது. கரிசலில் உள்ள மான்ட்மொரில்லோனைட் என்ற களிக்கனிமம் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். ஈரத்தில் கலப்பையில் அப்பிக்கொள்ளும். எலும்பாகக் காய்ந்தபின் கொழு இறங்காது. சித்திரை, வைகாசியில் கோடை மழை ஒன்று பெய்து, மண் பதத்துக்கு வரும்போது உழ வேண்டும். பெயர்ந்த கட்டிகளை வெயிலும் அடுத்த மழையும் தாமே உடைத்துத் தரும். அருகு, கோரை வேர்கள் வெயிலில் காய வேண்டும்; கையாலும் பொறுக்க வேண்டும். ஈரத்தில் சட்டிக்கலப்பை ஓட்டித் துண்டு துண்டாக்கினால் ஒவ்வொரு துண்டும் ஒரு புதுச் செடி. புல் மட்க நாளாகும்; உடனே விதைத்தால் நுண்ணுயிர்கள் நைட்ரஜனைத் தமக்கே எடுத்துக்கொள்ள, பயிர் மஞ்சளாகும். கோடையில் உடைத்துவிட்டால் புரட்டாசி விதைப்பு வரை நாலைந்து மாதம் கிடைக்கும். 1901இல் தொடங்கிய கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைக்கும் மழைக்கு முந்தைய விதைப்புக்கும் இது ஒத்துவரும். சரிவுக்குக் குறுக்கே உழுது, ஓரங்களில் புல்லை அகலமாக விட்டுவைப்பது அவசியம்.

நீங்கள் செய்து பார்க்க ஒரு சோதனை உண்டு. மேய்ச்சல் நிலத்துப் புல்லடியிலிருந்து ஒரு மண்கட்டி, பல காலம் உழுத புஞ்சையிலிருந்து அதே அளவில் ஒன்று. இரண்டையும் நிழலில் நன்கு உலர்த்தி, இரண்டு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் மெல்ல இறக்குங்கள். புஞ்சைக் கட்டி விரைவில் பொலபொலவென்று உதிர்ந்து கலங்கும். புல்லடிக் கட்டி நெடுநேரம் உருக்குலையாமல் நிற்கும். மே 1 அன்று கிராம சபை கூடும். புறம்போக்கை உழலாமா என்ற பேச்சு அங்கே எழுந்தால், அந்த இரண்டு குவளைகளையும் கொண்டுபோய் முன்னால் வையுங்கள்.