வெந்த நிலத்துக்கு வேண்டுவது பொறுமை

புயலோ தீயோ ஒரு பொதுத் தோப்பை அழித்துவிட்டால், உடனே நிலத்தைத் துப்புரவு செய்து, விரைவில் வளரும் ஏதேனும் ஒரு மரத்தை நட்டுவிட வேண்டும் என்றே பலரும் கருதுகின்றனர். நோக்கம் நல்லதே. ஆயினும் அந்த அவசரம் நிலத்துக்கு இரண்டாவது நஷ்டமாக முடியக்கூடும் என்பது நமது அபிப்பிராயம்.

அடையாற்றை அடுத்துள்ள கிண்டி தேசியப் பூங்காவைப் பாருங்கள். சுமார் 270 ஹெக்டேர் பரப்புள்ள அங்கு, களா, காரை முதலியவை வளரும் கரையோரக் காடு எஞ்சியிருக்கிறது. 2016 டிசம்பர் 12-ல் வீசிய வர்தா புயலில் அங்கும் மரங்கள் பல சாய்ந்தன. மரம் சாய்ந்த இடத்தில் வெயில் தரையைத் தொடும். நிழலில் காத்திருந்த கன்றுகள் தலையெடுக்கும். பறவைகளும் வௌவால்களும் பழம் தின்று விதை கொணரும். மட்கும் கட்டை பூச்சிகளுக்கு உறைவிடமாகும். இவ்வளவும் கூலியின்றி நடைபெறும் வேலை.

தீக்குப் பின்னரும் ஏறக்குறைய இவ்வாறே. மண் வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. ஆகவே தண்டு கருகினாலும் வேர் பிழைத்து, மழை கண்டதும் தளிர்ப்பதுண்டு. ஆனால் தீ தீங்கற்றது என்று எண்ணிவிடலாகாது. 2019-20-ல் ஆஸ்திரேலியாவில் மூண்ட பெருந்தீக்குப் பின் தைலமரங்கள் கரிந்த பட்டையினடியிலிருந்து துளிர்த்தன. அது அவற்றின் இயல்பு. நமது கரையோரக் காடு தீக்குப் பழகியதன்று. ஆண்டுதோறும் தீப்பட்டால் கன்றுகள் மரமாவதற்கு முன்பே மடியும். எரிந்த வெற்றிடத்தை உண்ணிச்செடியும் சீமைக்கருவேலும் பற்றிக்கொள்ளும்.

மரம் நடுவது எங்கும் நன்மையென்றும் கொள்ள வேண்டாம். கிண்டியில் மேயும் வெளிமானுக்குத் திறந்த புல்வெளியே வாழ்விடம். அதனை மரக்காடாக்கினால் மானுக்கு இடமில்லை.

எல்லா நிலமும் தானே தேறிவிடுமா? தேறாது. அடையாற்றுக் கழிமுகத்தில் குப்பை கொட்டப்பட்டுப் பாழான நிலத்தில், உள்நாட்டு மரஞ்செடிகளைத் தேர்ந்து நட்டே 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா உருவாக்கப்பட்டு, 2011-ல் திறக்கப்பட்டது. வேரும் விதையும் அற்றுப்போன இடத்தில் மனிதர் கை வேண்டும். அவை உள்ள இடத்தில் காவல் போதும்.

ஆகவே, பொது நிலம் வைத்துள்ள சங்கங்களுக்கு நமது யோசனை இது: தீயோ புயலோ கண்ட நிலத்தை ஒரு பருவமழைக்காலம் வரையேனும் உழாமல் விடுங்கள். ஆடு மாடுகளைத் தடுங்கள். பாதையை மறிக்காத கட்டைகளைக் கிடந்தபடியே விடுங்கள். உண்ணிச்செடியையும் சீமைக்கருவேலையும் இளங்கன்றாக இருக்கும்போதே பிடுங்குங்கள். மழைக்குப் பின் எது துளிர்த்தது, எது துளிர்க்கவில்லை என்று நடந்து பாருங்கள். குறைந்ததை மட்டும் அக்கம்பக்கத்து மரங்களின் விதைகொண்டு நிரப்புங்கள். கோடை தொடங்கும் முன்னரே நிர்வாகக் குழுக்கள் இதனை ஆலோசித்து முடிவு செய்யுமாறு வேண்டிக்கொள்கிறோம்.