மீனை அது வீட்டுக்கே போய் வரையுங்க!



கையில இருக்கிற நோட்டைத் திருப்புங்க. கடைசிப் பக்கத்துல ஒரு மீன் வரையுங்க. பத்து செகண்ட்தான் டைம்.

வரைஞ்சாச்சா? இப்போ பார்க்காமலே சொல்றேன். படுத்த வாக்கில் ஒரு உடம்பு, ஓரத்தில் முக்கோணமா ஒரு வால், வட்டமா ஒரு கண். கொஞ்சம் மெனக்கெட்டவங்க செதிலுக்கு நாலு வளைவு போட்டிருப்பீங்க. தலை பெரும்பாலும் இடது பக்கம் பார்த்துட்டு இருக்கும். கரெக்டா?

நீங்க வரைஞ்சது கடல்ல இருக்கிற மீன் இல்லை பாஸ். மார்க்கெட் கூடையில படுத்திருக்கிற மீன்! நாம எல்லாரும் பார்த்து வளர்ந்தது அதைத்தானே.

கவலைப்படாதீங்க, பெரிய பெரிய ஆளுங்களே இப்படித்தான் வரைஞ்சாங்க. பாட்ரிக் ரஸ்ஸல் என்ற டாக்டர், விசாகப்பட்டினத்தில் பிடிபட்ட மீன்களை உள்ளூர் ஓவியர் கையால் வரைய வைத்து, 1803-ல் 200 மீன்களின் படங்களோடு புத்தகம் போட்டார். நம்ம புதுச்சேரிக்கும் இதில் பங்கு உண்டு. 1816-லிருந்து சில வருஷம் இங்கே இருந்த லெஷனோ என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர், நம்ம கரையில் கிடைத்த மீன்களைப் பாரிஸுக்கு அனுப்பினார். குவியேவும் வலன்சியனும் 1828-ல் ஆரம்பித்து 22 தொகுதிகளாகக் கொண்டுவந்த மீன் நூலில் 'பாண்டிச்சேரி' என்ற பெயர் அடிக்கடி தலைகாட்டுவது அதனால்தான். அறிவியலுக்கு இதெல்லாம் பொக்கிஷம். ஆனா ஓவியர் முன்னாடி இருந்தது வலையில் வந்த மீன், இல்லைன்னா சாராய ஜாடியில் ஊறின மீன்.

செத்த மீன் பாதி விஷயத்தை மறைச்சிடும். நிறம் மங்கிடும். துடுப்பு மடங்கிடும். முக்கியமா, அது எப்படி நீந்தும்னு சொல்லவே சொல்லாது. கிளாத்தி மீனைத் தண்ணிக்குள்ள பார்த்தா ஆச்சரியமா இருக்கும். மேல் துடுப்பையும் அடித் துடுப்பையும் அலை மாதிரி ஆட்டித்தான் போகும். வால் சும்மா கூட வரும், அவசரம்னாதான் அதுக்கு வேலை. கணவாய்க்கு உடம்பைச் சுத்தி பாவாடைக் கரை மாதிரி ஒரு துடுப்பு நெளிஞ்சுக்கிட்டே இருக்கும். திருக்கை நீந்துறதைப் பார்த்தா பறக்குறதுன்னுதான் சொல்லுவீங்க. கூடையில கிடக்கும்போது இதெல்லாம் எங்கே தெரியப்போகுது?

அப்போ என்ன பண்றது? மீன் நம்ம வீட்டுக்கு வந்தா செத்துடும். ஸோ, நாமதான் அது வீட்டுக்குப் போகணும்!

தண்ணிக்குள்ளே போன தாத்தாக்கள்

ஸ்கூபா டைவிங் எல்லாம் வருவதற்கு ரொம்ப முன்னாடியே ரெண்டு பேர் இதைச் செஞ்சு காட்டியிருக்காங்க. ரெண்டு பேருக்கும் நம்ம பக்கத்தோட தொடர்பு இருக்கு.

முதல் ஆள் ஆயிகன் ஃபான் ரான்சோனே. ஆஸ்திரியாக்காரர், பிறந்தது 1838-ல். 1864-65-ல் இலங்கைக்கு வந்தவர், கண்ணாடி ஜன்னல் வெச்ச இரும்பு மூழ்குமணி ஒண்ணைச் செய்ய வைத்து, அதுக்குள்ள உட்கார்ந்து கடலில் இறங்கினார். கவிழ்த்துப் போட்ட அண்டா மாதிரி கற்பனை பண்ணிக்கோங்க. மேலேயிருந்து குழாய் வழியா காத்து வரும். உள்ளே உட்கார்ந்து, பச்சை நிறத் தாளில் மென்மையான பென்சிலால் பவளப் பாறைகளை வரைஞ்சார். ஏன் பச்சைத் தாள்? தண்ணிக்குள்ள எல்லாமே பச்சை கலந்துதானே தெரியுது! இலங்கையைப் பற்றிய அவரோட புத்தகம் 1867-ல் வந்தது. அதில் கடலடிக் காட்சிகளும் இருக்கு.

ரெண்டாவது ஆள் ஸார் பிரிட்சர்ட். 1866-ல் பிறந்தவர். எங்கேன்னு கேளுங்க... நம்ம மெட்ராஸில்! பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரங்க. 1900-களின் தொடக்கத்தில் தஹிட்டி தீவுக்குப் போனவர், மூழ்குபவர்கள் போடும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கடலடியில் நின்னே வரைஞ்சார். தண்ணியில நனையாம இருக்க, எண்ணெயில் ஊற வைத்த தோல்தான் அவருக்கு கேன்வாஸ். மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட் அவரோட ஓவியங்களை வாங்கி, தன் கடலியல் அருங்காட்சியகத்தில் வைத்தார்.

தண்ணிக்கடியில் எடுத்த கலர் போட்டோ பத்திரிகையில் முதன்முதலா வந்தது 1927-ல். அதுக்கு முன்னாடி கடலுக்குள்ள என்ன நிறம்னு ஊருக்குச் சொன்னது இந்த மாதிரி ஆளுங்களோட கைதான்.

கலர் பாக்ஸைத் திருடும் கடல்

சரி, நாம இறங்கினா என்ன தெரியும்? முதல் அதிர்ச்சி நிறத்தில்தான். ஆழம் போகப் போக, சூரிய ஒளியில் இருக்கிற சிவப்பைத் தண்ணீர் முதலில் முழுங்கிடும். அடுத்து ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள். மிச்சம் இருக்கிறது நீலமும் பச்சையும். டிவியில் செக்கச்செவேல்னு வர்ற லயன் ஃபிஷ், 18 மீட்டர் ஆழத்தில் வெறும் கண்ணுக்குக் காபித்தூள் கலரில் தெரியும். டார்ச் அடிச்சாதான் சிவப்பு திரும்பி வரும்.

அப்போ எந்த நிறத்தில் வரையணும்? நீங்க பார்த்த நிறத்தில்! டார்ச் வெளிச்சத்தில் பார்த்திருந்தா அதையும் பக்கத்துல எழுதிடுங்க.

ரெண்டாவது அதிர்ச்சி அளவில். மாஸ்க் கண்ணாடி வழியா பார்த்தா எல்லாமே மூணில் ஒரு பங்கு பெரிசா, கொஞ்சம் கிட்டத்தில் இருக்கிற மாதிரி தெரியும். 'இத்தாம் பெரிய மீன்டா'ன்னு கையை விரிச்சுக் காட்டுற டைவர் பொய் சொல்லலை, தண்ணிதான் சொல்லுது! அதனால மீனைப் பக்கத்தில் இருக்கிற பாறையோடோ, கூட வந்த நண்பரோட கையோடோ ஒப்பிட்டுக் குறிச்சுக்கோங்க.

மூலக்குளத்திலிருந்து கடலடிக்கு

மூலக்குளத்தில் பஸ் ஏறினா கடல் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. ஆனா நம்மில் பலருக்கும் கடல்னா முழங்கால் வரைக்கும்தான்! அதே கடலில், கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி டைவிங் சொல்லித் தர்றாங்க. நம்ம கடலடி பெரும்பாலும் மணல்தான். அங்கே 2010-களில் டைவர்கள் கான்கிரீட், இரும்பு என்று பலதையும் இறக்கி, 'டெம்பிள் ரீஃப்' என்ற செயற்கைப் பாறைத்திட்டை உருவாக்கினாங்க. ஒளிஞ்சுக்க இடம் கிடைச்சா மீன் விடுமா? குடி வந்துடுச்சு.

இறங்க ஆசையா? வரிசையா சொல்றேன், கேட்டுக்கோங்க.

ஒண்ணு, கரையில் பயிற்சி. வண்டியை ஊசுட்டேரிக்கு விடுங்க. ஒரு பறவையைப் பத்து செகண்ட் பாருங்க, முதுகைக் காட்டித் திரும்பி நின்னுக்கிட்டு வரையுங்க. மீனும் அவ்வளவு நேரம்தான் கண் முன்னாடி நிற்கும். ஒரு மாசம் இதைச் செஞ்சா கண் பழகிடும்.

ரெண்டு, நீச்சல் கத்துக்கோங்க. முறையான பயிற்சியாளர் இல்லாம கடலில் இறங்குற வேலையே வேண்டாம். புதுச்சேரிக் கடற்கரைகளில் ஜாலிக்கு இறங்கி, அலை இழுத்துட்டுப் போனது பலரும் காலேஜ் பசங்கதான். வீட்டில் ஒருத்தர் காத்துட்டு இருக்காங்க, ஞாபகம் இருக்கட்டும்.

மூணு, முதல் டைவில் பென்சிலே வேண்டாம். பயிற்சியாளர் கூடவே இருக்கிற அறிமுக டைவில் அதிகபட்சம் 12 மீட்டர். காது அடைப்பைச் சரி பண்றதுக்கும் நிதானமா மூச்சு விடுறதுக்குமே உங்களுக்குச் சரியா இருக்கும். ஆஸ்துமா, சைனஸ், காது பிரச்னை இருந்தா முதலிலேயே டாக்டரிடம் கேட்டுடுங்க. சும்மா பாருங்க, போதும்.

நாலு, மேலே வந்ததும் படகில் யாரிடமும் பேசாதீங்க! அஞ்சு நிமிஷம் வாயை மூடிட்டு வரையுங்க. நண்பன் எடுத்த வீடியோவைப் பார்த்துட்டீங்கன்னா, உங்க ஞாபகம் போய் அவன் கேமரா உள்ளே வந்து உட்கார்ந்துக்கும். தலை உடம்பில் எத்தனை பங்கு, முதுகுத் துடுப்பு எங்கே ஆரம்பிக்குது, கோடு நெடுக்கவா குறுக்கவா, தனியா போச்சா கூட்டமாவா... இவ்வளவும் குறிச்சாலே போதும். தெரியாத இடத்தைக் காலியா விடுங்க, கற்பனையால் நிரப்பாதீங்க.

அஞ்சு, கோர்ஸ் முடிச்சு, தண்ணியில ஒரே இடத்தில் மிதக்கப் பழகினதுக்கு அப்புறம் பென்சிலோடு இறங்கலாம். கடையில் வெள்ளை பி.வி.சி. ஷீட் ஒரு துண்டு வாங்கி, உப்புத்தாளால் லேசா தேய்ச்சுடுங்க. ஒரு 2பி பென்சிலை நூலில் கட்டித் தொங்க விடுங்க. ஸ்லேட் ரெடி! தண்ணிக்குள்ள நல்லாவே எழுதும். ஒரே ஒரு எச்சரிக்கை. நுணுக்கமா கோடு இழுக்கும்போது நாம மூச்சைப் பிடிச்சுக்குவோம், கவனிச்சிருக்கீங்களா? தண்ணிக்குள்ள அது கூடவே கூடாது. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு மேலே வந்தா நுரையீரலே காயப்படலாம். கோடு கோணலா போனா போகட்டும், மூச்சு மட்டும் ஓடிட்டே இருக்கணும்.

இன்னொண்ணு, வடகிழக்குப் பருவமழை நேரத்தில் ஆத்துத் தண்ணி கலந்து கடல் கலங்கிக் கிடக்கும். காசைக் கட்டுறதுக்கு முன்னாடி 'தண்ணி தெளிவா இருக்கா?'ன்னு கேட்டுக்கோங்க.

பர்ஸ் காலியா? பரவாயில்லை

'அறிமுக டைவுக்கே சில ஆயிரம் ஆகுமே, பஸ் பாஸ் எடுக்கவே யோசிக்கிறோம்'னு ஒரு குரல் கேட்குது. உங்களுக்காகவே ஒரு கதை.

பெர்முடா தீவுப் பக்கம் 1930-களில் வில்லியம் பீப் என்ற அமெரிக்க விஞ்ஞானி இரும்பு உருண்டை ஒண்ணுக்குள்ள உட்கார்ந்து ஆழ்கடலில் இறங்கினார். 1934 ஆகஸ்ட்டில் அவர் தொட்ட ஆழம் 923 மீட்டர். பார்த்ததை எல்லாம் போனில் மேலே சொல்லச் சொல்லக் குறிச்சுக்கிட்டாங்க. அந்த மீன்களை ஓவியமாக்கியவர் எல்ஸ் போஸ்டல்மன் என்ற பெண். அந்த ஆழத்துக்கு அவர் போனதே இல்லை. பார்த்தவர் சொல்லச் சொல்ல, கேள்வி மேல கேள்வி கேட்டு வரைஞ்சார்.

நமக்கு பீப் மாதிரி ஆளுங்க வீராம்பட்டினத்திலும் நல்லவாட்டிலும் இருக்காங்க. கடலுக்குப் போயிட்டு வந்து வலையைப் பிரிச்சுட்டு இருக்கிற அண்ணன்கிட்ட உட்கார்ந்து கேளுங்க. 'களவா எங்கண்ணே ஒளிஞ்சிருக்கும்? பேத்தை எப்போ ஊதும்? பங்குனி ஆமை மூச்சு விட வரும்போது முதல்ல என்ன தெரியும்?' அவர் சொல்லச் சொல்ல வரைஞ்சு, அவர்கிட்டயே காட்டுங்க. 'இல்லப்பா, வால் இன்னும் கட்டையா இருக்கும்'னு திருத்துவார் பாருங்க... அதைவிட நல்ல டிராயிங் மாஸ்டர் கிடைக்க மாட்டார். அவர் சொல்ற பெயரையும் தமிழிலேயே படத்துக்குக் கீழே எழுதுங்க. ஊருக்கு ஊர் பெயர் மாறும். எழுதி வைக்காத பெயர் அவரோடயே போயிடும்.

எதுக்கு இந்த வம்பு?

செல்போன் எடுத்து டைப் பண்ணினா, ஏ.ஐ. அரை நிமிஷத்தில் அழகான மீன் படம் தரும். அப்புறம் நாம எதுக்கு உப்புத் தண்ணி குடிக்கணும்?

ரான்சோனேகிட்டயே திரும்பிப் போவோம். அவர் பவளங்களை வரைஞ்ச இலங்கையின் தென்மேற்குக் கரையில், 1998-ல் கடல் சூடேறினபோது ஹிக்கடுவ உள்படப் பல இடங்களில் பவளங்கள் வெளுத்துச் செத்தன. நம்ம மன்னார் வளைகுடாவிலும் அதே வருஷம் வெளுத்தது, 2010-லும் 2016-லும் மறுபடி வெளுத்தது. உலகம் முழுக்க நாலாவது தடவையா பவளங்கள் வெளுக்குதுன்னு 2024 ஏப்ரலில் அறிவிச்சாங்க. இன்னைக்கு ஒருத்தர் 'நூத்தி அறுபது வருஷத்துக்கு முன்னாடி அங்கே கடலடி எப்படி இருந்தது?'ன்னு கேட்டா, எடுத்துக் காட்ட ஒரு ஆஸ்திரியாக்காரரோட பென்சில் படம் இருக்கு. அவர் அன்னைக்கு வரைஞ்சது ஆசைக்கு. இன்னைக்கு அது சாட்சி.

ஏ.ஐ. தர்ற மீன் எந்தக் கடலிலும் நீந்தினது இல்லை. உங்க ஸ்லேட்டில் கோணலா இருக்கிற மீன், இந்தத் தேதியில், இந்த ஆழத்தில், புதுச்சேரிக் கடலில் இருந்தது. நீங்க பார்த்தீங்க. அதனால படத்துக்குக் கீழே நாலு விஷயத்தை மட்டும் மறக்காம எழுதுங்க: தேதி, இடம், ஆழம், உள்ளூர்ப் பெயர். ஓவியம் சுமாரா இருந்தாலும் அந்த நாலு வரி அதைக் காப்பாத்திடும்.

இதையே படிப்பா எடுத்துக்கலாமான்னு கேட்கிறவங்களுக்கு... கை வரையணும்னா அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கு. கடலைப் படிக்கணும்னா பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கு. புதுவைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் துறை அந்தமான் ஸ்ரீ விஜயபுரத்தில் (முன்பு போர்ட் பிளேர்) இருக்கு. ரெண்டும் தெரிஞ்ச ஆளுக்கு மதிப்பு தனி. புது மீன் ஒண்ணைக் கண்டுபிடிச்சு எழுதும்போது, எந்த முள் எங்கே இருக்குன்னு தெளிவா காட்ட இன்னைக்கும் கோட்டுப் படம் கை கொடுக்குது.

இந்த வார ஹோம்வொர்க்: அந்தக் கடைசிப் பக்கத்து மீனை அழிக்காதீங்க, அப்படியே இருக்கட்டும். ஏரியோ, மீன் தொட்டியோ, கடலோ... உயிரோட நீந்துற ஒரு மீனைப் பத்து நிமிஷம் பார்த்துட்டு, பக்கத்திலேயே இன்னொண்ணு வரையுங்க. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு நீங்களே கண்டுபிடிங்க.

அடுத்த வாரம் பார்ப்போமா? பை!