கருவாட்டுப் பொட்டலத்தின் அடக்க விலை





பள்ளிக்கூடத்தில் சந்தை போடுவது இப்போது எங்கும் பரவிவிட்டது. பிள்ளைகள் மேசை போட்டுச் சுண்டல் விற்கிறார்கள், மோர் விற்கிறார்கள், காகிதப் பை ஒட்டி விற்கிறார்கள். பெற்றோர் வந்து வாங்குகிறார்கள். மாலையில் மேடையில் 'எங்கள் மாணவர்கள் இவ்வளவு லாபம் ஈட்டினார்கள்' என்று அறிவிப்பு வருகிறது, எல்லோரும் கைதட்டுகிறோம். இலங்கைத் தமிழ்ப் பள்ளிகளில் 'சிறுவர் சந்தை' என்ற பெயரில் ஆரம்ப வகுப்புகளிலேயே இது நடக்கிறது. வீட்டுத் தோட்டத்துக் கத்தரிக்காயையும் முருங்கைக்காயையும் குழந்தைகள் கூவிக் கூவி விற்பதைப் பார்க்க ஊரே திரளும். டெல்லி அரசுப் பள்ளிகளில் 2021-ல் 'பிசினஸ் பிளாஸ்டர்ஸ்' என்ற திட்டம் வந்தது. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு ஆளுக்கு 2,000 ரூபாய் முதலாகக் கொடுத்துத் தொழில் செய்யச் சொன்னார்கள். அமெரிக்காவில் ஜூனியர் அச்சீவ்மென்ட் என்ற அமைப்பு 1919-லிருந்தே இந்த மாதிரியான வேலையைச் செய்துவருகிறது.

நல்ல காரியம்தான். என் சந்தேகமெல்லாம் அந்தக் கைதட்டலின் மேல். அறிவிக்கப்படும் லாபம் உண்மையில் லாபமா? சுண்டலுக்குக் கொண்டைக்கடலை வீட்டிலிருந்து வந்தது, எரிவாயு அம்மாவுடையது, தாளித்தது அம்மா, தூக்கிவந்தது அப்பாவின் வண்டி. வாங்கியதும் அதே அம்மாவும் அப்பாவும்தான்! இதில் மிஞ்சிய பணத்தை லாபம் என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால், வணிகத்தின் முதல் பாடத்தையே தப்பாகச் சொல்லிக்கொடுக்கிறோம் என்றுதான் அர்த்தம்.

வணிகத்தைப் படித்தும் விற்றும் கற்றுக்கொள்ள நம் பக்கத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் மீஞ்சூரைத் தாண்டினால் அனுப்பம்பட்டு, அடுத்தது பொன்னேரி. அங்கிருந்து பேருந்து பிடித்தால் பழவேற்காடு. ஒரு பக்கம் வயல், மறுபக்கம் ஏரி, அதற்கப்பால் கடல். இந்த வட்டாரத்தில் பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் என்று பாடம் படிக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். புத்தகத்தில் 'விலை நிர்ணயம்' என்று அவர்கள் உருப்போடுவது ஏரிக்கரையில் தினம் காலையில் சத்தம் போட்டு நடக்கிறது.

இறாலை வெறும் எடைக்கு விலை பேசுவதில்லை. கிலோவுக்கு எத்தனை நிற்கும் என்ற 'கவுண்ட்'தான் கணக்கு. முப்பது நிற்கிற இறாலுக்கும் அறுபது நிற்கிற இறாலுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். நண்டைக் கையில் எடுத்தால் அமுக்கிப் பார்ப்பார்கள். ஓடு மாற்றி, உள்ளே இன்னும் சதை பிடிக்காத நண்டென்றால் விலை சரிந்துவிடும். உயிரோடு இருக்கிற பெரிய கழிநண்டு சிங்கப்பூருக்கு விமானம் ஏறும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அந்த நாள்களில் மீன் விலை ஏறுவதைப் பார்த்த பிள்ளைக்கு அளிப்பும் தேவையும் பற்றிப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை.

மீன் விற்கும் பெண்களிடம் இன்னும் நுட்பமான பாடங்கள் உண்டு. தெருமுனையில் கூறு போட்டு விற்கிறவர் காலையில் கூறு நூறு ரூபாய் என்பார். ஐஸ் கரையக் கரைய, மதியத்தில் அதே நூறு ரூபாய்க் கூறில் இரண்டு மீன் கூடியிருக்கும். விலையை இறக்கமாட்டார், அளவைத்தான் ஏற்றுவார். நாளைக்குக் காலையில் மறுபடி நூறு ரூபாய் என்று சொல்ல வேண்டுமே! பெரிய கம்பெனிகளின் விளம்பரத்தில் '20 விழுக்காடு கூடுதல், அதே விலை' என்று பார்க்கிறோமே, அதே தந்திரம்தான்.

சரி, இந்த ஊர்ப்பக்கத்து வகுப்பு ஒன்று கருவாடு விற்பதாக வைத்துக்கொள்வோம். எண்கள் என் கற்பனை, கணக்கு மட்டும் நிஜம்.

கிலோ நூறு ரூபாய் வீதம் பதினைந்து கிலோ நெத்திலி வாங்குகிறார்கள். 1,500 ரூபாய். உப்பு 50, பொட்டல உறையும் லேபிளும் 150, ஆட்டோ 200. ஆக மொத்தம் 1,900. காய்ந்தபின் மூன்றுக்கு ஒன்றாக ஐந்து கிலோ தேறுகிறது. நூறு கிராம் பொட்டலம் ஐம்பது. ஒன்று 60 ரூபாய். ஐம்பதும் விற்றால் 3,000 வரும். ஆகவே லாபம் 1,100 என்று சந்தைக்கு முதல்நாளே கரும்பலகையில் எழுதிவிடுவார்கள்.

சந்தை முடிந்தது. ரொக்கத்துக்குப் போனது நாற்பது பொட்டலம். நான்கை ஆசிரியர்கள் 'சம்பளத்தன்று தருகிறேன்' என்று வாங்கிப் போயிருக்கிறார்கள். ஆறு மிச்சம். பெட்டியில் 2,400 ரூபாய். செலவு 1,900 போனால் கையில் 500. ஆக, லாபம் 500 என்று ஒருவன் சொல்வான். இல்லை, ஆசிரியர்கள் தரவேண்டிய 240-ஐயும் சேர் என்பாள் இன்னொருத்தி. மிச்சமுள்ள ஆறு பொட்டலத்தை என்ன செய்வது? அறுபது ரூபாய் விலை போட்டுச் சேர்க்கலாமா? கூடாது, விற்காத சரக்குக்கு விற்ற விலை போடக்கூடாது. அடக்க விலை, அதாவது பொட்டலத்துக்கு 38 ரூபாய்தான். 228. கூட்டினால் லாபம் 968 ரூபாய். பற்று, வரவு, கடனாளி, இறுதிச் சரக்கிருப்பு என்று கணக்குப்பதிவியல் புத்தகத்தில் வருகிற அத்தனை பேரும் இந்த ஆறு பொட்டலத்தைச் சுற்றி வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இன்னும் முடியவில்லை. நெத்திலியைக் கழுவி, உப்பு போட்டு, வலையில் பரப்பி, புரட்டிப் போட்டு, காக்கை விரட்டி, சாயங்காலம் அள்ளி வைத்தது யார்? இரண்டு பேர் வீட்டு அம்மாக்கள், இரண்டு நாள். நாளுக்கு 300 ரூபாய் கூலி என்று குறைத்தே வைத்தாலும் 1,200 ஆகிறது. அதைச் சேர்த்தால் மொத்த அடக்கம் 3,100. ஒரு பொட்டலத்தின் அடக்க விலை 62 ரூபாய். விற்றது 60-க்கு. ஐம்பதும் விற்றிருந்தாலும் நஷ்டம்தான்!

இந்தக் கடைசி வரியை எழுத வைக்கிற ஆசிரியர்தான் வணிகம் கற்றுக்கொடுக்கிறார் என்பேன். 'அப்படியென்றால் அம்மா தினமும் விற்கிற கருவாட்டில் அம்மாவுக்கு என்ன கிடைக்கிறது?' என்று அந்தப் பிள்ளை கேட்கும். கேட்கட்டும். விலையை ஏற்றுவதா, கழிவைக் குறைப்பதா, கருவாட்டைவிட ஊறுகாய் போட்டால் கட்டுமா என்று யோசனை ஓடத் தொடங்குவது அந்தக் கேள்விக்குப் பிறகுதான். பொன்னேரியிலேயே டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி இருக்கிறது. மீனைப் பதப்படுத்துவதும் மதிப்புக் கூட்டுவதும் அங்கே பாடம். பள்ளிப் பிள்ளைகளை ஒருநாள் அழைத்துப் போக வேண்டியது ஆசிரியர் பொறுப்பு.

விற்பது மட்டும் போதாது, படிக்கவும் வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சந்தையில் நிற்கிறவருக்கு விலை தெரியும், விலைக்குப் பின்னால் இருக்கிற கை தெரியாது. வடசென்னைப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த தண்டல் கடனையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் என்று எழுதி, ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் கொடுப்பார்கள். தினம் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். 'ஒன்பதுக்கு ஒன்று வட்டி, பதினோரு விழுக்காடுதானே' என்று தோன்றும். ஆனால் ஐம்பதாவது நாளே பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. நூறு நாளும் நம் கையில் ஒன்பதாயிரம் இருக்கவே இல்லை. குறைந்துகொண்டே போகிற பாக்கிக்குக் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 75 விழுக்காட்டைத் தாண்டுகிறது. இதை மீன் கூடைக்காரர் அனுபவத்தில் உணர்வார். தாளில் போட்டுக் காட்டப் படித்த பிள்ளை வேண்டும்.

படகுக்கும் வலைக்கும் முன்பணம் கொடுத்த வியாபாரியிடமே இறாலைப் போட்டாக வேண்டும், அவர் சொன்னதுதான் விலை என்ற ஏற்பாடும் இப்படித்தான். இதற்கு இந்த ஊரிலேயே நானூறு வருஷத்துப் பழைய பாடம் ஒன்று இருக்கிறது. 1602-ல் பொதுமக்களிடம் பங்கு திரட்டித் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1613-ல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. சோழமண்டலக் கரைக்கு அதுவே தலைமையிடம். 1690-ல்தான் நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். இங்கே துணி வாங்கி இந்தோனேசியத் தீவுகளில் கொடுத்து, அங்கிருந்து மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். துணி எப்படி வந்தது? உள்ளூர் வணிகர்கள் வழியாக நெசவாளருக்கு முன்பணம் போனது. முன்பணம் வாங்கியவர் சொன்ன துணியைச் சொன்ன விலைக்கு நெய்து கொடுக்க வேண்டும். அன்றைக்குத் தறி, இன்றைக்கு வலை. அதே கம்பெனி இந்தத் துறைமுகத்திலிருந்து மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றியது. அதையும் பிள்ளைகள் படிக்க வேண்டும், லாபக் கணக்கில் அதுவும் ஓர் இனமாக இருந்ததே. 'கூட்டுப்பங்கு நிறுமம்' என்ற பாடத்தை நடத்துகிற ஆசிரியர், உலகத்தின் முதல் பெரிய பங்கு நிறுவனத்து ஆட்களின் கல்லறைகளை ஒரு பேருந்துப் பயணத்தில் காட்டிவிடலாம். இந்த வசதி எத்தனை ஊருக்கு வாய்க்கும்?

ஏரிக்குள்ளேயே இன்னொரு பாடம் உண்டு. சில குப்பங்களில் 'பாடு' என்ற முறைப்படி, நல்ல இடம் ஒருவருக்கே போய்விடாமல் மீன்பிடிக்கும் இடங்களை முறைவைத்து மாற்றிக்கொள்கிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் தேடிவந்து எழுதிய ஏற்பாடு இது. அந்த முறைக்குள் இடம் கிடைக்காதவர்களின் மனக்குறையும் அதே தண்ணீரில்தான் மிதக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பேசினால்தான் முழுப் பாடம்.

நாம் பிள்ளைகளுக்கு வணிகப் புத்தகம் என்று வாங்கிக் கொடுப்பது என்ன? பெரும்பாலும் கோடீஸ்வரர் கதை. முதல் அத்தியாயத்தில் ஏழ்மை, கடைசி அத்தியாயத்தில் ஆலை. நடுவில் அடக்க விலை எவ்வளவு, கடன் யார் கொடுத்தார், எந்த வருஷம் கையைச் சுட்டுக்கொண்டார் என்பதெல்லாம் இரண்டு பத்தியில் ஓடிவிடும். நான் அந்தப் புத்தகங்களை வேண்டாம் என்று சொல்லவில்லை, ஊக்கத்துக்கு ஆகும். ஆனால் கணக்குப் பழக ஆகாது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் லேவாதேவிக் கடைகளுக்குப் போன செட்டிநாட்டுப் பையன்களை யாரும் எடுத்த எடுப்பில் கடன் கொடுக்கவிடவில்லை. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து எடுபிடி வேலை செய்து, சிட்டையும் பேரேடும் எழுதிப் பழகி, அடுத்தாளாகி, அதற்குப் பிறகுதான் கடையைப் பார்க்கும் பொறுப்பு. வருஷக்கணக்கில் எழுதின கை அது. என் கட்சி அந்தப் பக்கம்தான். பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் புத்தகத்தைத் தமிழ்நாட்டுப் பாடநூல் கழகம் தமிழிலேயே தந்திருக்கிறது. வணிகவியல் எடுக்காத பிள்ளையும், ஏன், கடை வைத்திருக்கிற பெரியவரும், அதன் முதல் சில பாடங்களைப் படிக்கலாம்.

சந்தை போடுகிற பள்ளிகளுக்கு ஒரு யோசனை: பரிசை அதிகம் விற்றவருக்குக் கொடுக்காதீர்கள், சரியாகக் கணக்கு எழுதியவருக்குக் கொடுங்கள். நஷ்டமே வந்திருந்தாலும் சரி. பெற்றோருக்கும் ஒன்று. பள்ளிச் சந்தையில் 'மீதியை நீயே வச்சுக்க கண்ணு' என்று பாசத்தோடு விட்டுவிட்டு வராதீர்கள். பேரம் பேசுங்கள், சில்லறையை எண்ணி வாங்குங்கள், பொட்டலம் ஓட்டையாக இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். பிள்ளைக்கு நீங்கள் செய்யும் உதவி அதுதான்.

கடைசியாக, வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பிள்ளையோ, நீங்கள் பாடம் நடத்தும் வகுப்போ இந்த ஆண்டு எதையாவது விற்றிருந்தால், அந்தக் கணக்குத் தாளை எங்களுக்கு அனுப்புங்கள். வாங்கியது, விற்றது, மிஞ்சியது, கடன் நின்றது, வீட்டில் உழைத்தவர்களின் கூலி எல்லாம் அதில் இருக்க வேண்டும். அடித்தல் திருத்தலோடு, பிள்ளையின் கையெழுத்திலேயே இருந்தால் நல்லது. நஷ்டக் கணக்குகளுக்கு முதலிடம் கொடுத்து வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்