காற்றுக்கும் எடையுண்டு



அன்புமிக்க பெற்றோர்களே! பள்ளிக்கூடங்களில் அறிவியல் கண்காட்சி நெருங்கிவிட்டால் நம் இல்லங்களில் ஒரு விந்தையைக் காணலாம். செயல்திட்டம் பிள்ளையுடையது; ஓட்டமும் பதற்றமும் வாப்பாவுடையவை. கடையில் ஆயத்தமாக விற்கும் மாதிரியை வாங்கி, பிள்ளையின் பெயரை ஒட்டி அனுப்பிவிடுவோரும் உளர். பிள்ளை பெண்ணாயிருந்தாலோ கேட்கவே வேண்டாம். "வெட்டுவதையும் ஒட்டுவதையும் உன் அண்ணன் பார்த்துக்கொள்வான், நீ விளக்க அட்டையை அழகாக எழுதிக்கொடு" என்று கூறிவிடுகிறோம். பிறர் உழைப்பைத் தன்னுடையதென்று காட்டுவது பொய் என மதரஸாவில் நாங்கள் ஓராண்டு முழுதும் போதிப்பதை, இல்லத்தில் ஒரே மாலைப்பொழுதில் அழித்துவிடுகிறோம்.

இம்மாதம் வெப்பக்காற்றுப் பலூனை எடுத்துக்கொள்வோம். எட்டாம் வகுப்பு மாணவி தன் கையாலேயே செய்து முடிக்கத்தக்கது இது. செலவும் சொற்பம்.

பிரான்ஸ் நாட்டில் காகித ஆலை நடத்திய மோன்கோல்ஃபியே குடும்பத்துச் சகோதரர்கள் இருவர், 1783 ஜூன் 4 அன்று அன்னோனே என்னும் ஊரில் துணியும் காகிதமும் கொண்டு செய்த பெரும் பலூனை மக்கள் முன்னிலையில் உயர எழச் செய்தனர். அதே ஆண்டு நவம்பர் 21 அன்று மனிதர் இருவர் அத்தகைய பலூனில் பாரிஸ் நகரின் மேல் மிதந்து சென்றனர். வியப்பு யாதெனில், பலூன் ஏன் எழுந்தது என்பதை அச்சகோதரர்கள் சரியாக அறிந்திருக்கவில்லை! புகையில்தான் தூக்கும் ஆற்றல் இருக்கிறதென்று நம்பி, ஈர வைக்கோலையும் கம்பளியையும் எரித்துப் புகையை வளர்த்தனர்.

அவர்களுக்கு அறுநூறு ஆண்டுகளுக்கும் முன்னர், ஹிஜ்ரி 515இல் (கி.பி. 1121), மர்வு நகரத்து அறிஞர் அல்காஸினீ 'மீஸானுல் ஹிக்மா' என்னும் தராசு நூலை இயற்றினார். அடர்த்தி குறைந்த காற்றிலிருந்து அடர்ந்த காற்றுக்குக் கொண்டுசெல்லப்படும் பொருள் எடை குறையும் என்று அதில் அவர் விளக்கினார். நீர் தன்னுள் இருக்கும் பொருளைத் தாங்குவது போலவே காற்றும் தாங்குகிறது என்பதே இதன் கருத்து. பலூன் எழுவதன் இரகசியமும் இதுவே. இதைக் கொண்டு பலூனைக் கண்டுபிடித்தவர்கள் முஸ்லிம்களே என்று விளக்க அட்டையில் எழுதிவிடாதீர்கள்! அல்காஸினீ பலூன் எதுவும் செய்யவில்லை. அவர் கூறியதை மட்டும் கூறினாலே அவருக்குப் பெருமை குறையாது.

இனிக் கணக்குக்கு வருவோம். நான் கலைப்பிரிவில் பயின்றவன். எனக்கே விளங்கும் கணக்குத்தான் இது. 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1165 கிராம். அதுவே 80 பாகைக்குச் சூடேறினால் விரிந்து, கன மீட்டருக்கு 1000 கிராம் என்றாகிவிடும். இடைப்பட்ட 165 கிராமே நமக்குக் கிடைக்கும் தூக்குவிசை.

60 செ.மீ. குறுக்களவுள்ள பலூனுக்கு இவ்வகையில் கிடைப்பது 19 கிராம் அளவே. பட்டம் செய்யும் மெல்லிய வண்ணத்தாள் சதுர மீட்டருக்கு 20 கிராம் என்று கொண்டால், அப்பலூனின் தாள் மட்டுமே 23 கிராம். பின் எவ்வாறு எழும்? குறுக்களவை 1.2 மீட்டராக இரட்டித்துப் பாருங்கள். தாளின் எடை நான்கு மடங்காகி 90 கிராம் ஆகிறது. தூக்குவிசையோ எட்டு மடங்காகி 149 கிராமுக்கு உயர்கிறது. கடைகளில் விற்கும் சிறிய அழகுப் பலூன்கள் மேசையை விட்டு எழாதது இதனாலேயே.

இந்த 1.2 மீட்டர் பலூனுக்கு எட்டு இதழ்கள் தேவை. ஒவ்வொன்றும் 175 செ.மீ. நீளம், நடுவில் 47 செ.மீ. அகலம், ஒட்டுவதற்கு ஓரத்தில் ஒரு செ.மீ. கூடுதல். மாவிலையைப் போல் நடு அகன்று நுனி கூர்ந்திருக்க வேண்டும். அடிப்புறம் மட்டும் 10 செ.மீ. அகலம் விட்டால் பலூனின் வாய் அமைந்துவிடும். எட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே முறையில் வெட்டினால் அளவு பிசகாது. மைதாப் பசையை அள்ளிப் பூசுவது பிள்ளைகளின் வழக்கம். பசைக்கும் எடையுண்டு என்பதை உம்மாமார் நினைவூட்டுங்கள். வாயைச் சுற்றி மெல்லிய அட்டைப் பட்டை ஒன்றை ஒட்டினால் பலூன் தலைகீழாகாது.

நெருப்பைப் பற்றிக் கண்டிப்புடனேயே கூறுகிறேன். சாராயத்தில் நனைத்த பஞ்சு, மெழுகுவத்தி, கற்பூரம் எதுவும் வேண்டாம். 1783இல் பறந்த அவ்விருவருமே நெருப்புப் பொறி பட்டுத் துணியில் விழுந்த துளைகளை ஈரப் பஞ்சுகொண்டு அணைக்க நேர்ந்தது. 2020 புத்தாண்டு இரவில் ஜெர்மனியின் கிரேஃபெல்டு நகர விலங்குக் காட்சிசாலையில், வானில் விடப்பட்ட காகித விளக்குகளால் தீப்பற்றி, குரங்கினங்களின் இல்லம் எரிந்து 30க்கும் மேற்பட்ட உயிர்கள் மாண்டன. ஓலைக் கூரைகளும் வைக்கோற்போர்களும் உள்ள நம் ஊர்களில் கேட்கவும் வேண்டுமா? முடி உலர்த்தும் மின்கருவியே போதும். பெரியவர் ஒருவர் அதை வாய்க்குச் சற்று வெளியே பிடித்து, தாளில் படாமல் சூடான காற்றை உள்ளே செலுத்தட்டும்.

நேரமும் முக்கியம். நடுப்பகலில் வெளிக்காற்று 40 பாகையாயிருந்தால், அதே பலூனின் தூக்குவிசை 116 கிராமாகக் குறைந்துவிடும். பசையின் எடையும் சேர்ந்தால் எழுவது ஐயமே. சுப்ஹுத் தொழுகைக்குப் பின் 25 பாகைக் குளிர்ச்சியில் அது 167 கிராம். கூடத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, அவ்வேளையில் முயலுங்கள்.

எழாத முறைகளையும் மகள் தன் குறிப்பேட்டில் எழுதட்டும்: வெளி வெப்பம் எவ்வளவு, மளிகைக்கடைத் தராசு காட்டிய பலூனின் எடை எவ்வளவு, எத்தனை நிமிடம் சூடேற்றினாள் என்பன போன்றவை. ஆசிரியர் குறுக்குக் கேள்வி கேட்கும்போது அவளுக்குக் கைகொடுப்பவை அந்தப் பக்கங்களே. பலூனின் வாயில் நீண்ட நூலொன்றைக் கட்டிக்கொள்ளவும் மறக்க வேண்டாம். முற்றத்தில் விட்டது தப்பிச் சென்று மின்கம்பியில் சிக்கினால், அதை எடுக்கக் கோலுடன் ஓடுவதும் பிள்ளைகளே.